ஆயிரத்தில் 250 பங்கு: ரோஸ் கோல்ட் வாட்ச்சின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது?

விலை உயர்ந்த சுவிஸ் வாட்ச்சுகளில் தங்கம் என்றதும் நம் மனதில் எழுவது மஞ்சள் நிறம்தான். ஆனால் படேக் ஃபிலிப், வாஷெரான் கான்ஸ்டன்டின், ஓமேகா, ஜெர்மனியின் லாங்கே போன்ற நிறுவனங்களின் இன்றைய தங்க மாடல்களைப் பார்த்தால், லேசாகச் சிவந்த ரோஸ் கோல்ட் கேஸ்கள், அதாவது எந்திரத்தைச் சுற்றியிருக்கும் வெளிக்கூடுகள், வரிசையாக வந்து நிற்கின்றன. மஞ்சள் தங்கம் சில ஆண்டுகளாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் கோல்ட் பிடித்த இடம் இன்னும் அதனிடம்தான் இருக்கிறது. இதை வெறும் ஃபேஷன் என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு உலோகக் கலவை எப்படி நடந்துகொள்கிறது, கைக்கடிகாரம் என்ற சின்னப் பொருளுக்கு எப்படிப்பட்ட நிறம் தேவைப்படுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

கலவையிலிருந்து தொடங்கலாம். நம் ஊர் நகைக்கடையில் 916 முத்திரை என்றால் 22 காரட், அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். வாட்ச் உலகில் பெரும்பாலும் 18 காரட்தான், முத்திரை 750. தினமும் கையில் கட்டி மேசையிலும் கதவிலும் இடிக்கிற பொருளுக்கு 22 காரட் மிகவும் மென்மை. சுவிட்சர்லாந்தில் தங்க வாட்ச் கேஸ்களுக்கு அரசுக் கட்டுப்பாடு உண்டு. 1995 முதல் அங்கே அதிகாரப்பூர்வ முத்திரையாகக் குத்தப்படுவது செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. ஆக, 18 காரட் என்று விற்கிறவர் 750 பங்கில் கை வைக்க முடியாது. மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று எந்த நிறமாக இருந்தாலும் தங்கம் கிட்டத்தட்ட அதே அளவுதான். நிறம், கடினம், விரிசல், மங்கல் என எல்லா வேறுபாடும் மிச்சமிருக்கும் 250 பங்குக்குள் முடிவாகிறது.

அந்த 250 பங்கில் பாரம்பரியமாகச் சேர்ப்பது வெள்ளியும் செம்பும். சுவிஸ் வாட்ச் தொழிலில் இந்த நிறங்களுக்கு எண் வைத்துப் பேசுவார்கள், சர்வதேசத் தரநிலையிலும் அந்த எண்கள் உண்டு. 3என் (3N) என்றால் 125 பங்கு வெள்ளி, 125 பங்கு செம்பு. அதுதான் வழக்கமான மஞ்சள். 4என் என்றால் 90 பங்கு வெள்ளி, 160 பங்கு செம்பு. இது இளஞ்சிவப்பு. 5என் என்றால் 45 பங்கு வெள்ளிதான், செம்பு 205 பங்கு. இன்று பல நிறுவனங்கள் ரோஸ் கோல்ட் என்றோ பிங்க் கோல்ட் என்றோ விற்பது இந்த 5என் வகையைத்தான். பெயர் கடைக்குக் கடை மாறும், எண் மாறாது. அதனால் வாங்கப் போகிறவர் பெயரைவிட இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

செம்பு சேர்ந்தால் ஏன் சிவக்கிறது? செம்பு சிவப்பு, அது கலந்தால் சிவக்கத்தானே செய்யும் என்று தோன்றும். பதில் சரிதான், ஆனால் உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியமானது. வெள்ளி தன் மேல் விழும் கண்ணுக்குத் தெரிகிற ஒளி முழுவதையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் வெண்மையாக இருக்கிறது. தங்கம் நீல ஒளியை விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் திரும்பி வருவதால் மஞ்சள். செம்பு நீலத்தோடு நிற்காமல் பச்சையிலும் ஒரு பகுதியை விழுங்குகிறது. தங்கத்தோடு செம்பைக் கூட்டக் கூட, திரும்பி வரும் ஒளியில் பச்சை குறைந்து சிவப்பு தூக்கலாகிறது. எந்தப் பூச்சும் இல்லாமல் உலோகமே அந்த நிறமாக ஆகிவிடுகிறது. இந்த விஷயம் பின்னால் விலைக்கும் பராமரிப்புக்கும் முக்கியமாக வரும்.

செம்பு கூடினால் ஒரு தொல்லையும் கூடவே வரும். தங்க அணு செம்பு அணுவைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். ஆகவே எடையில் முக்கால் பங்கு தங்கம், கால் பங்கு செம்பு என்று உருக்கினால், அணுக்களின் எண்ணிக்கையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. சூடாக இருக்கும்போது இவை கலைந்து கிடக்கும். சுமார் 410 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மெதுவாக ஆறவிட்டால் தங்கம் ஒரு அடுக்கு, செம்பு ஒரு அடுக்கு என்று ஒழுங்காக அடுக்கிக்கொள்ளத் தொடங்கும். கேட்க அழகாக இருக்கிறது, பட்டறையில் இது பெரிய தலைவலி. அப்படி அடுக்காக அமைந்த உலோகம் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெற்று, அடுத்த முறை அச்சில் அழுத்தும்போது விரிசல் விடும். அதனால்தான் செம்பு மிகுந்த தங்கத்தைச் சூடாக்கி மென்மைப்படுத்திய கையோடு தண்ணீரில் போட்டுச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். 5என்னில் அந்த 45 பங்கு வெள்ளி இருப்பதும் இந்தத் தொல்லையைத் தணிக்க உதவுகிறது. ஒரு ரோஸ் கோல்ட் கேஸின் காதுகளில், அதாவது ஸ்ட்ராப் பொருந்தும் அந்த வளைவுகளில், கூர்மையான விளிம்பும் மாசில்லாத பாலிஷும் தெரிகிறதென்றால், அதற்குப் பின்னால் இந்தச் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்திய கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரிய மதிப்பை வாட்ச் விளம்பரங்கள் தருவதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இன்னொரு குறை காலப்போக்கில் தெரியவரும். வியர்வை, கடல் நீர், குறிப்பாக நீச்சல் குளத்து குளோரின் ஆகியவை மேற்பரப்பிலிருந்து செம்பை அரிக்கின்றன. செம்பு போனால் சிவப்பும் போகும். பழைய பிங்க் கோல்ட் வாட்ச்சுகள் சில இன்று பார்ப்பதற்கு மஞ்சளாகவோ கருத்தோ இருப்பது இதனால்தான். மேல் தோலில் மட்டும் நடக்கிற மாற்றம் என்பதால் பாலிஷ் போட்டால் சிவப்பு திரும்பும். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கேஸின் விளிம்புகளைக் கொஞ்சம் தின்னும், பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் அதை விரும்புவதில்லை.

ரோலெக்ஸ் இந்தக் குறையை நேராக எடுத்துக்கொண்டது. ஜெனீவாவின் பிளான்-லே-வாத்தில் தங்கத்தை உருக்கிக் கலக்கும் சொந்த உலைக்கூடம் அவர்களுக்கு உண்டு. 2005இல் எவரோஸ் என்ற பெயரில் காப்புரிமை பெற்ற ஒரு கலவையைக் கொண்டுவந்தார்கள். செம்போடு சிறிதளவு பிளாட்டினம் சேர்த்து நிறம் மங்காமல் பிடித்து வைப்பது அதன் அடிப்படை. ஓமேகா சில ஆண்டுகள் கழித்து செட்னா கோல்ட் என்ற கலவையை வெளியிட்டது. அதில் தங்கம், செம்பு, பிளாட்டினத்தின் உறவு உலோகமான பல்லேடியம். 2003இல் நெப்டியூனுக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்ட செட்னா என்ற சிவந்த சிறுகோளின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஊப்லோவின் கிங் கோல்டிலும் பிளாட்டினம் உண்டு, அது வழக்கமான ரோஸ் கோல்டைவிட அடர்ந்த சிவப்பு. பனேராயின் கோல்ட்டெக்கும் செம்பு, பிளாட்டினம் வழியில்தான் போகிறது. பெயர்களைப் பார்த்தால் விளம்பர வேலை என்று ஒதுக்கத் தோன்றும். பெயர்கள் விளம்பரம்தான், ஆனால் அவை தீர்க்கிற பிரச்சினை நிஜமானது. 20 ஆண்டுகள் கட்டிய பிறகும் வாங்கிய நாளின் நிறம் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்ப்பதில் தவறே இல்லை.

சரி, நிறம் நிலைத்துவிட்டது. அந்த நிறம் ஏன் பிடிக்கிறது?

என் கணிப்பில் முதல் காரணம் அது நிற்கும் இடம். மஞ்சள் தங்க வாட்ச் அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே தங்கம் என்று தெரியும். அதைத்தான் சிலர் விரும்புகிறார்கள், பலர் அதற்காகவே தயங்குகிறார்கள். 1980களில் மஞ்சள் தங்கமும், மஞ்சளும் ஸ்டீலும் கலந்த இருநிற வாட்ச்சுகளும் பணத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அதற்கு எதிர்வினையாக அடுத்த பத்தாண்டில் வெள்ளை உலோகங்களின் பக்கம் ரசனை சாய்ந்தது. ஆனால் வெள்ளைத் தங்கத்துக்கு வேறொரு சிக்கல். தள்ளி நின்று பார்த்தால் அது ஸ்டீல் மாதிரி இருக்கிறது. தங்க விலை கொடுத்து வாங்கியது யாருக்கும் தெரியாமலே போவது சிலருக்கு மகிழ்ச்சி, எல்லாருக்கும் இல்லை. போதாததற்கு, வெள்ளைத் தங்கம் பலவற்றில் மேலே ரோடியம் என்ற வெண்ணிற உலோகப் பூச்சு உண்டு. அது தேயும், மறுபடி பூச வேண்டும். ரோஸ் கோல்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தது. தங்கம் என்பது தெரிகிறது, உரக்கக் கத்தவில்லை. உள்ளும் புறமும் ஒரே உலோகம் என்பதால் கீறல் விழுந்தாலும் கீழே அதே நிறம்தான்.

இரண்டாவது, தோல். மனிதத் தோல் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் எவ்வளவு கருப்பாக இருந்தாலும் அடிப்படையில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒரே நிறக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேறுபடுவது அடர்த்தி. செம்பு கலந்த தங்கமும் அந்தக் குடும்பத்தில்தான் விழுகிறது. அதனால் மணிக்கட்டில் அது ஒட்டவைத்த பொருளாகத் தெரியாமல் பொருந்திப் போகிறது. நம் மாநிறத் தோலில் இது இன்னும் நன்றாக எடுபடுகிறது என்பது என் ரசனை. அதே சமயம் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஷோரூம் விளக்குகள் பெரும்பாலும் மஞ்சள் சாய்ந்தவை, அதில் 4என், 5என் வித்தியாசம்கூடச் சரியாகத் தெரியாது. வாட்ச்சை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் வடிவமைப்பாளர்களுக்கு மிகப் பிடித்தது: டயல். மஞ்சள் தங்கம் டயல் நிறங்களோடு அவ்வளவு எளிதாகச் சமாதானம் ஆகாது. வெள்ளை, கருப்பு, ஷாம்பெய்ன் என்று சிலவற்றோடு மிகச் சிறப்பாக இருக்கும், மற்றவற்றோடு சட்டென்று பகட்டாகிவிடும். ரோஸ் கோல்ட் சாக்லேட் பழுப்போடு போகும், சிலேட் சாம்பலோடு போகும், ஆழ்ந்த நீலத்தோடும் ஆலிவ் பச்சையோடும் போகும். நீலமும் பச்சையும் அது விழுங்கிக்கொள்கிற நிறங்கள். அதனால் பக்கத்தில் வைத்ததும் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. பழுப்பு அதன் சொந்தக்காரன், அங்கே அமைதியான இணக்கம். படேக் ஃபிலிப் 2015இல் நாட்டிலஸ் 5711 மாடலை ரோஸ் கோல்டில், பழுப்பு டயலோடு கொண்டுவந்தபோது இந்த இணக்கம் நன்றாகத் தெரிந்தது. 1976இல் ஸ்டீலில் பிறந்த வடிவம் அது. பிறகு தங்கத்தில் வந்தபோதும் அதன் வடிவமைப்பு சிதையவில்லை. அதே 2015இல் ரோலெக்ஸ் யாட்-மாஸ்டரை எவரோஸில் செய்து, ரப்பர் போன்ற கருப்புப் பொருளால் மூடிய ஆய்ஸ்டர்ஃப்ளெக்ஸ் பட்டையோடு வெளியிட்டது. தங்கத்துக்குக் கீழே கருப்பு ரப்பர் என்பது 1980இல் ஊப்லோ தொடங்கியபோது விநோதமாகப் பார்க்கப்பட்ட யோசனை. ரோஸ் கோல்டும் பளபளப்பில்லாத மேட் கருப்பும் சேரும்போது அது விநோதமாகத் தெரியாமல் இயல்பாக ஆகிவிட்டது.

கனத்தையும் விட்டுவிடக் கூடாது. 18 காரட் தங்கத்தின் அடர்த்தி ஸ்டீலின் அடர்த்தியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கையில் எடுத்ததுமே அது தெரியும். ஆனால் இது எல்லாத் தங்கத்துக்கும் பொது, ரோஸுக்கு மட்டும் உரிய பெருமை அல்ல.

இந்த நிறத்தை ஏதோ 2000க்குப் பிறகு கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் சிவந்த தங்கத்துக்கு அவ்வளவு வரவேற்பு இருந்தது, ஐரோப்பாவில் அதை ரஷ்யத் தங்கம் என்றே அழைத்தார்கள். சோவியத் காலத்திலும் அந்த ரசனை விடவில்லை. 583 முத்திரை போட்ட சோவியத் தங்கம் செம்பு மிகுந்தது, அந்தக் காலத்துத் தங்க வாட்ச் கேஸ்களில் அந்தச் சிவப்பை இன்றும் பார்க்கலாம். பாரிஸ் நகை நிறுவனமான கார்ட்டியே 1924இல் செய்த மூன்று வளைய மோதிரத்தில் ஒரு வளையம் ரோஸ் கோல்ட். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. பிளாட்டினம் போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால் நகைத் தொழில் தங்கத்தின் பக்கம் திரும்பியது. 1940களின் நகைகளில் பெரிய பெரிய ரோஸ் கோல்ட் வளைவுகள் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே பத்தாண்டில் பிறந்ததுதான் வாட்ச் சேகரிப்பாளர்கள் இன்று பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து உட்கார்கிற படேக் ஃபிலிப் 1518. 1941இல் அறிமுகமான இது, லீப் ஆண்டைக்கூடத் தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டியும், நேர இடைவெளியை அளக்கும் குரோனோகிராஃபும் சேர்ந்து தொடர் தயாரிப்பாக வந்த முதல் கைக்கடிகாரம். மொத்தம் செய்தது 281 என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பெரும்பாலானவை மஞ்சள் தங்கம், குறைவானவை பிங்க் கோல்ட், ஸ்டீலில் நான்கு மட்டுமே அறியப்பட்டவை. பிங்க் கோல்ட் கேஸில் பிங்க் டயலும் சேர்ந்தவை மிக அரிது. அப்படி ஒன்று, ஒரு காலத்தில் எகிப்திய இளவரசர் ஒருவருடையது, 2021 டிசம்பரில் நியூயார்க்கில் சோத்பிஸ் ஏலத்தில் 95 லட்சம் டாலருக்கும் மேல் போனது. அரிதாக இருந்தது ஒரு காரணம். ஆனால் படத்தில் பார்த்தாலும் புரியும், கேஸும் டயலும் ஒரே நிறக் குடும்பத்தில் வரும்போது அத்தனை எழுத்துகள், முட்கள், சின்னச் சின்ன வட்டங்கள் நிறைந்த ஒரு முகம் அமைதியாகிவிடுகிறது. சிக்கலான டயலுக்கு இதைவிட நல்ல உடை இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்த வாட்ச் ஆண்களுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிங்க் என்றாலே பெண்களுக்கு என்று கடைகளில் பிரித்து வைப்பது பின்னால் வந்த பழக்கம். இளஞ்சிவப்பு நிறத்தை எந்தப் பாலினத்துக்கும் எழுதி வைக்காத காலம் ஒன்று இருந்தது. உயர்தர வாட்ச் தொழில் அந்த இடத்துக்கே மறுபடி வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

2015இல் வெகுசன சந்தையும் இந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிள் அந்த ஆண்டு ஏப்ரலில் 18 காரட் ரோஸ் கோல்டில் ஒரு ஸ்மார்ட்வாட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தங்க மாடல்கள் 10,000 டாலரில் தொடங்கின. செப்டம்பரில் அதே பெயரில் அலுமினியத்தில் ஐஃபோன் 6எஸ் வந்தது. தங்க வாட்ச் அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டது, அலுமினிய நிறமோ உலகெங்கும் பரவியது. சில ஆண்டுகளில் பழசாகிவிடும் மின்னணுக் கருவியைத் தங்கத்தில் பொதிவது யாருக்கும் ஒப்பவில்லை. பழுதானால் பிரித்துச் சரிசெய்து பல தலைமுறை ஓட்டக்கூடிய எந்திரத்துக்கு மட்டும்தான் தங்கக் கேஸ் பொருந்துகிறது.

அந்த அலையோடு சேர்ந்து ஒரு குழப்பமும் வந்தது. சில ஆயிரம் ரூபாய்க்கு ரோஸ் கோல்ட் என்று விற்கிற வாட்ச்சுகளில் இருப்பது ஸ்டீல் அல்லது பித்தளை, அதன் மேல் மெல்லிய நிறப் பூச்சு. பூச்சு நன்றாக இருந்தால் பல ஆண்டுகள் நிற்கும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை, வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும். முத்திரை 750 இருக்கிறதா என்று பின்மூடியிலும் காதுகளின் பின்புறத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது. டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது டைட்டன், அதன் வாட்ச் தொழிற்சாலை ஓசூரில். நெபுலா என்ற பெயரில் 18 காரட் தங்க வாட்ச்சுகளை அவர்கள் நெடுநாளாகச் செய்து வருகிறார்கள். 2025இல் ஜல்சா என்ற டூர்பில்லான் வாட்ச்சை (புவியீர்ப்பால் வரும் நேரப் பிழையைக் குறைக்கச் சுழலும் அமைப்பு கொண்டது) வெளியிட்டபோது, ஜெய்ப்பூர் ஹவா மஹால் காட்சியைக் கையால் வரைந்த டயலுக்குச் சுற்றுக் கேஸாகத் தேர்ந்தெடுத்தது ரோஸ் கோல்டை. 10 மட்டும் செய்தார்கள், விலை 40 லட்சம் ரூபாய்க்கு மேல். சிவந்த மணற்கல் மாளிகைக்கு வேறு எந்தத் தங்கமும் சரியாக இருந்திருக்காது.

விலை என்றதும் நம்மவர்களுக்கு வருகிற கேள்வி ஒன்றுண்டு: அதில் எத்தனை பவுன் தங்கம்? நகை வாங்கும்போது தங்கத்தின் எடைக்கு விலை, அதன் மேல் செய்கூலி, சேதாரம். வாட்ச்சில் இந்தக் கணக்கு தலைகீழ். சிவப்பைத் தருகிற செம்போ தங்கத்தோடு ஒப்பிட்டால் விலையே இல்லாத உலோகம். அதனால் ரோஸ் கோல்ட் மாடலுக்கு மஞ்சளைவிடக் கூடுதல் விலை கேட்டால், அந்தக் கூடுதல் உலோகத்துக்கு அல்ல. தோல் ஸ்ட்ராப் போட்ட சாதாரணத் தங்க வாட்ச்சை உருக்கினால் கிடைக்கும் பணம் அதன் கடை விலையில் சிறு பங்குதான். முதலீடாகத் தங்கம் வாங்க விரும்புகிறவர் நாணயமோ கட்டியோ வாங்கட்டும். வாட்ச்சில் கொடுக்கிற பணம் எந்திரத்துக்கும், முகத்துக்கும், இந்த நிறத்துக்கும், பெயருக்கும்.

அந்த 250 பங்கோடு விளையாடுவது இப்போது இன்னும் நுணுக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. லாங்கே 2010இல் அறிமுகப்படுத்திய ஹனி கோல்ட், ரோஸுக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட தேன் நிறம், வழக்கமான தங்கத்தைவிடக் கடினமானது. ஓமேகா 2019இல் கொண்டுவந்த மூன்ஷைன் கோல்ட், வெளிறிய மஞ்சள். ஓடெமார் பிகே 2024இல் காட்டிய சேண்ட் கோல்ட், செம்பும் பல்லேடியமும் சேர்ந்தது, வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளைக்கும் ரோஸுக்கும் நடுவே மாறி மாறித் தெரிகிறது. எல்லாமே 18 காரட். ரோஸ் கோல்ட் காட்டிய இடைப்பட்ட வழியிலேயே, அதைவிட இன்னும் மெல்லிய சாயல்களைத் தேடி இவை போகின்றன. சேண்ட் கோல்டைப் பார்க்கும்போது பத்து ஆண்டுகளில் 5என் கொஞ்சம் அதிகச் சிவப்பாகத் தோன்றக்கூடும் என்று நினைக்கிறேன். அப்போதும் 4என்னின் வெளிர் இளஞ்சிவப்பு அலுக்காது என்பதே என் கணிப்பு. வாங்கும் எண்ணம் இருப்பவர்களிடம் அந்த இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.